எண்ணெய் எங்கிருந்து ஒழுகுகிறது?



தோட்டத்தில் கார் என்றால் துரையின் பங்களாவும் பெரிய கிராணியின் வீடும்தான் நினைவுக்கு வரும் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. 1985-இல் புரோட்டோன் சாகா வந்தது. 1994-இல் பெரோடுவா கஞ்சில் வந்தது. அவை கைமாறிக் கைமாறி விலை இறங்கியபோது, லயத்து வாசல்களிலும் கார்கள் நிற்கத் தொடங்கின. பேருந்து எட்டிப் பார்க்காத தோட்டத்தில் அந்தப் பழைய கார்தான் பிரசவத்துக்கு மருத்துவமனை போகும் வண்டி. பிள்ளைகளுக்குப் பரீட்சை நாள் வண்டி. தீபாவளிச் சாமான் வாங்கப் பட்டணம் போகும் வண்டி. அதன் அடியில் ஒரு நாள் காலை கறுப்பு எண்ணெய் சொட்டிக் கிடப்பதைக் கண்டால் வீட்டில் எல்லாருக்கும் வயிற்றைக் கலக்குகிறது. பட்டறைக்குப் போனால் எவ்வளவு கேட்பார்களோ என்பது ஒரு கவலை. போகாவிட்டால் நடுவழியில் நின்றுவிடுமோ என்பது இன்னொரு கவலை.

இந்த இரண்டுக்கும் நடுவில் நாமே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. ஒழுக்கு எந்த இடத்திலிருந்து புறப்படுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அது. பழுது பார்ப்பது வேறு. அதைப் பற்றி இன்று நாம் அதிகம் பேசப்போவதில்லை. கண்டுபிடிப்பதற்கு ஒரு கைவிளக்கு, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, பழந்துணி, ஓர் அட்டைப்பெட்டி, கொஞ்சம் முகப்பவுடர், இவ்வளவே போதும். இவற்றில் எதையும் கடையில் போய் வாங்க வேண்டியதில்லை.

கண்டுபிடிப்பதில் அப்படி என்ன இலாபம் என்று கேட்கலாம். எஞ்சினும் கியர் பெட்டியும் சேருகிற இடத்தின் அடியில் எண்ணெய் சொட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே உள்ளே ஓர் ஆயில் சீல் இருக்கிறது. அது சின்ன ரப்பர் வளையம். அதன் விலை பெரிதல்ல. ஆனால் அதை மாற்றுவதற்குக் கியர் பெட்டியையே கழற்றி இறக்க வேண்டும். கூலி அங்கேதான் ஏறுகிறது. அதே இடத்தில், எஞ்சினின் உச்சியில் இருக்கும் வால்வு மூடியின் கேஸ்கெட் வழியாக ஒழுகிய எண்ணெயும் பின்பக்கமாக இறங்கி வந்து சொட்டும். இந்தக் கேஸ்கெட்டை மாற்ற, பெரும்பாலான சிறிய கார்களில் சில நட்டுகளைக் கழற்றினால் போதும். சொட்டும் இடம் ஒன்றே. செலவோ மடுவும் மலையும். எது என்று தெரியாமல் பட்டறைக்குப் போகிறவர் கியர் பெட்டியை இறக்கச் சொல்லிப் பணம் கட்டிவிட்டு, மறுவாரம் அதே இடத்தில் அதே எண்ணெயைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் நடக்கக்கூடியதே.

ஒழுகுகிற இடமும் சொட்டுகிற இடமும் ஏன் வேறுபடுகின்றன? தகரக் கூரை வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. மழை பெய்யும்போது தண்ணீர் கட்டில் மேல் சொட்டும். நிமிர்ந்து பார்த்தால் கட்டிலுக்கு நேர்மேலே ஓட்டை இருக்காது. எங்கோ ஓர் ஆணித் துளையில் நுழைந்த நீர், சட்டத்தைப் பிடித்துக்கொண்டே ஓடிவந்து, தாழ்ந்த இடம் கிடைத்ததும் விழுகிறது. எஞ்சினிலும் அப்படியேதான். எண்ணெய் மேலிருந்து கீழே இறங்குகிறது. அதோடு, கார் ஓடும்போது முன்னாலிருந்து அடிக்கும் காற்று அதைப் பின்னுக்குத் தள்ளுகிறது. ஆகவே மிகவும் நனைந்த இடத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. நனைந்திருக்கும் இடங்களில் எது உயரத்தில் இருக்கிறது, எது முன்னால் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒழுக்கைத் தேடும் வித்தையில் பாதி இதுதான்.

முதலில், சொட்டுவது எஞ்சின் எண்ணெய்தானா என்று உறுதி செய்வோம். சொட்டுகிற துளியை வெள்ளைத் துணியிலோ காகிதத்திலோ ஏந்திப் பார்க்கலாம். எஞ்சின் எண்ணெய், மலாய்மொழியில் மிஞ்ஞாக் ஈத்தாம் என்று நாம் கடையில் கேட்டு வாங்குவது, புதிதாக இருக்கும்போது தேன் நிறம். ஓடியபின் பழுப்பும் கறுப்பும். சிவப்பாக இருந்தால் அது ஆட்டோமேட்டிக் கியரின் எண்ணெயாகவோ பவர் ஸ்டியரிங் எண்ணெயாகவோ இருக்கக்கூடும். பச்சை அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில், தண்ணீர் போல நெகிழ்ந்து, இனிப்பு வாடை வீசினால் அது ரேடியேட்டர் நீர். அது நஞ்சு. பிள்ளைகளும் நாயும் கோழியும் அதில் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சக்கரத்தின் உட்புறம் வழவழப்பாக ஏதாவது ஒழுகினால் அது பிரேக் எண்ணெயாக இருக்கலாம். அந்தக் காரை எடுக்கவே கூடாது. குளிர்சாதனம் போட்டு ஓட்டிய பிறகு வெறும் தண்ணீர் சொட்டினால் கவலையே வேண்டாம். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து சொட்டுவது அது.

எஞ்சின் எண்ணெய்தான் என்று தெரிந்துவிட்டதா? இரவில் காரைச் சமதரையில் நிறுத்துவோம். ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து எஞ்சினுக்கு அடியில் விரிப்போம். கடையில் மீ அடுக்கி வரும் பெட்டி இதற்கு நல்ல அளவு. அதன் மேல் கரித்துண்டால் முன்பக்கம் எது, சக்கரங்கள் எங்கே என்று குறித்துவிட வேண்டும். காற்றில் பறக்காமல் இரண்டு கல் வைக்கலாம். காலையில் எத்தனை சொட்டு, எந்த இடத்தில் என்று தெரிந்துவிடும்.

இதை இரண்டு முறை செய்வது நல்லது. ஒரு முறை, பகல் முழுவதும் ஓடாமல் நின்ற காரின் அடியில். இன்னொரு முறை, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி வந்து நிறுத்தியதும். இந்த இரண்டு அட்டைகளும் சொல்லும் செய்தி வேறு வேறு. எஞ்சினின் அடியில் சம்ப் என்னும் தொட்டி இருக்கிறது. எஞ்சின் நிற்கும்போது எண்ணெய் பெரும்பாலும் அந்தத் தொட்டியில் வந்து தங்கிவிடும். எஞ்சின் ஓடும்போது பம்ப் அதை அழுத்தத்தோடு மேலே ஏற்றுகிறது. ஆகவே நிற்கும்போதும் விடிய விடியச் சொட்டினால், குற்றம் தொட்டியிலோ அதன் வடிகால் போல்ட்டிலோ, அவற்றை ஒட்டித் தாழ்வாக இருக்கும் இடத்திலோ இருக்க வாய்ப்பு அதிகம். நிற்கும்போது சுத்தம், ஓடிவந்தால் மட்டும் சொட்டு என்றால், அழுத்தம் ஓடும் இடங்களையும் எஞ்சினின் மேல்பகுதியையும் சந்தேகிக்க வேண்டும்.

எவ்வளவு குறைகிறது என்பதையும் கவனிப்போம். காரைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஐந்து பத்து நிமிடம் பொறுத்து, அளவுக் கோலை உருவித் துடைத்து, மீண்டும் செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு கோடுகளுக்கும் நடுவே உள்ள அளவு பல கார்களில் ஏறத்தாழ 1 லிட்டர். ஒரு சொட்டு என்பது சின்ன விஷயம் போலத் தோன்றும். சுமார் 20 சொட்டு சேர்ந்தால் 1 மில்லிலிட்டர். நிமிடத்துக்கு ஒரு சொட்டு இரவும் பகலும் விழுந்தால் ஒரு நாளைக்கு 1,440 சொட்டு, அதாவது 72 மில்லிலிட்டர். இரண்டு வாரத்தில் 1 லிட்டர் தரையில் போய்விடும்! மாதச் சம்பளம் வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், மேல்கோட்டில் இருந்த எண்ணெய் அதற்குள் கீழ்க்கோட்டையும் தாண்டியிருக்கும்.

அளவுக் கோலில் எண்ணெய் குறைகிறது, அட்டையிலோ ஒரு சொட்டும் இல்லை என்றால்? அது பெரும்பாலும் உள்ளே எரிகிறது. புகைக்குழாயில் நீலப் புகை வருகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த நோய்க்கு வெளியே எத்தனை கேஸ்கெட் மாற்றினாலும் பயனில்லை. மைலோவில் பால் கலந்தது போல எண்ணெய் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். அளவுக் கோலிலேயே அப்படித் தெரிந்தால் ஓட்டாமல் ஃபோர்மனைக் கூப்பிட வேண்டும். ஊற்றுமூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்மை படிந்திருப்பது, லயத்திலிருந்து ஆபீசுக்கும் ஆபீசிலிருந்து லயத்துக்குமாக எஞ்சின் சூடேறும் முன்பே நின்றுவிடுகிற கார்களில் சாதாரணமாகக் காணப்படுவதுதான்.

அடுத்து வருவது சுத்தம் செய்தல். இதைப் பலரும் தவிர்த்துவிடுகிறார்கள். நம் செம்மண் சாலைகளில் ஓடும் காரின் அடியில், எண்ணெயும் மண்ணும் சேர்ந்து பிட்டு போல அப்பிக் கிடக்கும். மூன்று வருடத்து அழுக்கில் இன்றைய ஒழுக்கை எப்படிக் காண்பது? எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, மின்கலத்தின் பக்கம் போகாமல், டிஸ்ட்ரிபியூட்டரையும் ஆல்டர்னேட்டரையும் காற்று வடிகட்டியின் வாயையும் பிளாஸ்டிக் பைகளால் மூடிக் கட்டிவிட்டு, சவர்க்காரத் தூள் கலந்த நீரும் பழைய பல் துலக்கும் தூரிகையும் கொண்டு தேய்த்துத் துடைக்கலாம். எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும் மருந்து கடையில் கிடைக்கும், அதுவும் நல்லது. தண்ணீரை வாளியால் வீசிக் கொட்ட வேண்டாம். பெட்ரோலை மட்டும் கையில் எடுக்கவே கூடாது. ஒரு பொறி போதும், காரும் போகும், அதைக் கழுவியவரும் போவார். கழுவிய அழுக்குநீர் கிணற்றுப் பக்கமோ கால்வாய்ப் பக்கமோ ஓடாத இடத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்வோம். முடிந்ததும் பைகளை அவிழ்த்து, எல்லாம் காய விட வேண்டும்.

காய்ந்ததும் சந்தேகப்படும் இணைப்புகளைச் சுற்றி முகப்பவுடரை மெல்லியதாகத் தூவலாம். வெள்ளைத் தரையில் எறும்பு ஊர்ந்தால் தெரிவது போல, எண்ணெய் கசிந்தால் அந்தப் பவுடரில் ஈரக்கோடு விழும். கோட்டின் மேல்நுனி எங்கே தொடங்குகிறதோ அதுதான் வீடு. பெரிய பட்டறைகளில் எண்ணெயோடு ஒரு சாயம் கலந்து ஓட்டிவிட்டு, ஊதா விளக்கு அடித்துப் பார்ப்பார்கள். ஒழுகிய பாதை பளிச்சென்று ஒளிரும். நம்முடைய பவுடர் அதன் ஏழைத் தம்பி. ஆனால் வேலையைச் செய்துவிடும்.

எஞ்சினை ஓடவிட்டுச் சில நிமிடம் பார்ப்போம். ஒன்றும் தெரியாவிட்டால் ஒரு சுற்று ஓட்டி வந்து பார்ப்போம். இங்கே கொஞ்சம் நிறுத்தி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. ஜாக்கி போட்டுத் தூக்கிய காரின் அடியில் யாரும் நுழையக் கூடாது. தோட்டத்து மண் இளகிய மண். மழை பெய்திருந்தால் ஜாக்கி கண்ணெதிரே புதைந்து சாயும். அடிப்பகுதியைப் பார்க்கக் கண்ணாடியைத் தரையில் கிடத்தி விளக்கை அடித்தால் போதும். படுத்து நுழைய வேண்டியதே இல்லை. கைலி, துண்டு, தாவணி, அவிழ்ந்த கூந்தல் இவற்றோடு ஓடுகிற பெல்ட்டின் அருகே குனியக் கூடாது. ரேடியேட்டர் காற்றாடி மின்சாரத்தில் சுற்றும் கார்களில், எஞ்சின் நின்ற பிறகும் அது திடீரென்று சுற்றத் தொடங்கலாம். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடுவதும் ஆகாது. அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

இனி, மேலிருந்து கீழாகத் தேடுவோம். எண்ணெய் ஊற்றும் மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருக்கிறதா? அதற்கடுத்து வால்வு மூடியின் விளிம்பு. பழைய கார்களில் ஒழுக்குக்குப் பேர்போன இடம் இது. சூட்டில் வெந்து வெந்து அந்த ரப்பர் கேஸ்கெட் பிளாஸ்டிக் போல இறுகிவிடும். ஒழுகுகிறது என்று நட்டை இன்னும் இறுக்குகிறவர்கள் உண்டு. இறுக்கினால் மூடி வளையும், ஒழுக்கு கூடும். டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த கார்களில் அது எஞ்சினுக்குள் நுழையும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். விரலை அதன் அடியில் விட்டுத் தடவினால் ஈரம் தெரியும். அந்த வளையத்தின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூட வராது. ஆனால் அங்கிருந்து இறங்கும் எண்ணெய், பல கார்களில் கியர் பெட்டியின் மேல் விழுந்து, பெரிய பழுது போலப் பயமுறுத்தும். கார்புரேட்டர் வைத்த பழைய கார்களில் பெட்ரோல் பம்ப் எஞ்சினில் பொருந்தும் இடத்தையும் பார்க்க வேண்டும்.

கொஞ்சம் கீழே வந்தால் எண்ணெய் அழுத்த சுவிட்ச். ஒற்றைக் கம்பி செருகிய சின்னப் பொருள் அது. கம்பியைப் பிடுங்கிப் பார்த்தால் அதன் முனையில் எண்ணெய் நனைந்திருந்தால் சுவிட்சே ஒழுகுகிறது. எண்ணெய் வடிகட்டியில், அண்மையில் மாற்றிய பிறகு ஒழுக்கு தொடங்கியிருந்தால், பழைய வடிகட்டியின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன்மேல் புதியது ஏறியிருக்கக்கூடும். இது ஆபத்தானது, அழுத்தத்தில் பிதுங்கி நிமிடங்களில் எல்லா எண்ணெயும் கொட்டிவிடும். வடிகால் போல்ட்டில் ஒரு வாஷர் உண்டு. எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும் அதையும் மாற்றச் சொல்ல வேண்டும். சம்ப் தொட்டி தோட்டப் பாதையின் நடுமேட்டில் உரசி நசுங்கியிருக்கிறதா என்றும் கண்ணாடியில் பார்த்துவிடுவோம்.

பெல்ட்டுகள் இருக்கும் பக்கத்தில் உறைக்கு அடியில் ஈரம் கண்டால் முன்சீல்களில் ஒன்று. மேலே சொன்ன எல்லா இடமும் உலர்ந்திருந்து, எஞ்சினும் கியர் பெட்டியும் சேரும் இடத்தின் அடியில் மட்டும் எஞ்சின் எண்ணெய் சொட்டினால், அப்போதுதான் பின்சீலின் பெயரை எடுக்கலாம்.

இன்னொன்று உண்டு. ஒரே காரில் நாலைந்து இடத்தில் ஒழுகினால், நாலைந்து கேஸ்கெட்டும் ஒரே வாரத்தில் கெட்டுவிட்டன என்று நம்புவதற்கு முன் எஞ்சின் மூச்சு விடுகிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே சேரும் வாயுவை வெளியே இழுக்க ஒரு சின்ன வால்வும் குழாயும் உண்டு. பட்டறையில் பிசிவி வால்வு என்பார்கள். அது அடைத்துக்கொண்டால் உள்ளழுத்தம் பெருகி, பலவீனமான இடமெல்லாம் எண்ணெய் பிதுங்கும். கழற்றிக் குலுக்கினால் உள்ளே சலசலக்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் அடைத்திருக்கிறது. கோட்டுக்கு மேல் எண்ணெயை நிரப்பி வைப்பதும் ஒழுக்கை உண்டாக்கலாம். ஒழுகுகிறதே என்று அதிகமாக ஊற்றிவைப்பது நன்மை செய்வதில்லை.

எதை உடனே பார்க்க வேண்டும், எது காத்திருக்கும்? புகைக்குழாய் தொடங்கும் சூடான இரும்பின் மேல் எண்ணெய் சொட்டிப் புகைந்தால் காத்திருக்கக் கூடாது; தீப்பிடிக்கும். டைமிங் பெல்ட்டை எண்ணெய் நனைத்தால் பெல்ட் கெட்டு அறுந்துபோகும், பல எஞ்சின்களில் அதோடு வால்வுகளும் வளைந்துவிடும். கிளட்ச் வழுக்கத் தொடங்கினாலும் தாமதிக்கலாகாது. வடிகட்டி, அழுத்த சுவிட்ச் இவற்றின் ஒழுக்கும் அவசரமானதே. வால்வு மூடியில் மெல்லிய கசிவு, இரவுக்கு இரண்டு மூன்று சொட்டு, சூடான இரும்பில் படவில்லை என்றால், வாரம் ஒரு முறை அளவுக் கோலைப் பார்த்துக்கொண்டு அடுத்த சம்பளம் வரை ஓட்டலாம். ஓட்டும்போது எண்ணெய்க்குவளைப் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தால் மட்டும் ஒரு கிலோமீட்டர்கூட நகரக் கூடாது. அது எண்ணெய் குறைகிறது என்று முன்கூட்டிச் சொல்லும் விளக்கு அல்ல. அழுத்தம் போய்விட்டது என்று சொல்லும் விளக்கு. அந்த இடத்திலேயே எஞ்சினை அணைக்க வேண்டும்.

பட்டறைக்குப் போகும்போது அந்த அட்டையையும் எடுத்துப் போவோம். "எண்ணெய் ஒழுகுது, பாருங்க" என்று சொல்வதற்கும், "அண்ணே, கழுவிவிட்டுப் பார்த்தோம், டிஸ்ட்ரிபியூட்டர் அடியிலிருந்துதான் கோடு தொடங்குது, நிற்கும்போது சொட்டுறதில்லை" என்று சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. நல்ல ஃபோர்மன் இதைக் கேட்டுக் கோபிக்க மாட்டார்; அவருக்கும் நேரம் மிச்சம். பழைய கேஸ்கெட்டை எடுக்காமல் வெளியே சிலிக்கோன் பசையைப் பூசிவிடுவதற்கு மட்டும் நாம் இணங்கக் கூடாது. அது பழுது பார்த்ததாகாது. உள்ளே பிதுங்கிய பசை உதிர்ந்து தொட்டியில் விழுந்து, பம்ப் உறிஞ்சும் வலையை அடைத்துவிடவும் கூடும். ஒழுக்கை நிறுத்தும் என்று புட்டியில் விற்கும் மருந்துகள் இறுகிய ரப்பரைச் சில காலம் இளக வைக்கலாம். வெடித்த ரப்பரை ஒட்ட வைக்க அவற்றால் முடியாது.

வடித்த கறுப்பு எண்ணெயை வேலிக்கம்பங்களுக்குப் பூசுவதும், புல் சாகட்டும் என்று ஊற்றுவதும் நம்மிடையே இருந்துவருகிற பழக்கம். பயன்படுத்திய எஞ்சின் எண்ணெய் நெடுநாள் தோலில் பட்டால் புற்றுநோய்க்கு இடம் கொடுக்கும். நிலத்தில் இறங்கினால் கிணற்றுக்குப் போகும். நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டின் விதிமுறைகள் அதை அட்டவணைக் கழிவுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கின்றன. மூடி போட்ட பழைய எண்ணெய்ப் புட்டியில் ஊற்றி, பட்டறைக்குப் போகும்போது அவர்களுடைய கழிவுத் தொட்டியில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்துவிடலாம். ஊறிய அட்டையையும் துணியையும் அடுப்பில் போடாமல் அதோடு சேர்த்துக் கொடுப்போம். கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகுதான் பிள்ளையைத் தூக்குவோம்.